ஆட்வேர், ஸ்பைவேர் இரண்டும் ஒன்றா? பாஸ்வேர்டு எல்லாம் மாற்ற வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். வீட்டு லேப்டாப், விண்டோஸ் 11. ஒரு வாரமாகத் திரையின் வலது கீழ் மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஒன்று, அது போனால் ரம்மி, அதுவும் போனால் கடன் தருகிறோம் என்று ஒன்று. பிரவுசரில் எதையாவது தேடினால் கூகுளுக்குப் பதில் பேர் தெரியாத ஏதோ ஒரு பக்கம் வருகிறது. மகளின் புராஜெக்டுக்காக பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒரு இலவச மென்பொருளை இறக்கினேன், அவசரத்தில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போய்விட்டேன், அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. சர்வீஸ் கடையில் காட்டியதற்கு "ஸ்பைவேர் ஏறியிருக்கு, ஃபார்மட் பண்ணியாகணும்" என்றார்கள். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பியோ "அது வெறும் ஆட்வேர்தான் அக்கா, விடுங்க" என்கிறான். அப்பாவின் பென்ஷன் கணக்கை இதில்தான் பார்க்கிறேன், என் நெட்பேங்கிங்கும் இதில்தான். யார் சொல்வதைக் கேட்பது?

கரிசல்காட்டான்:
அக்கா, இரண்டும் வேறு. ஆட்வேருக்குக் காசு வருவது நீங்கள் விளம்பரத்தைப் பார்ப்பதால், அதனால் அது உங்கள் கண்ணில் பட்டே ஆக வேண்டும். ஸ்பைவேருக்குக் காசு உங்கள் தகவலில் இருக்கிறது: நீங்கள் தட்டும் எழுத்துகள், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, திரையின் படம், இதையெல்லாம் எடுத்து வெளியே அனுப்பும். நீங்கள் சந்தேகப்பட்டால் அதன் பிழைப்பு போச்சு, அதனால் சத்தமே போடாது. நீங்கள் சொல்லும் அறிகுறி எல்லாம் ஆட்வேருடையவை. ஆனால் ஒன்று, இந்த மாதிரி இலவச இன்ஸ்டாலர்கள் கூடவே மூன்று நான்கை ஏற்றிவிடும், ஒவ்வொன்றை ஏற்றுவதற்கும் அவர்களுக்குக் காசு உண்டு. அதனால் ஆட்வேர் இருக்கிறது, எனவே ஸ்பைவேர் இல்லை என்று கணக்குப் போட முடியாது.

மூலையில் வருவது பெரும்பாலும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன்தான். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று ஏதாவது தளம் கேட்டிருக்கும், யாராவது அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய்ப் பாருங்கள், தெரியாத தளம் எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறம் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்) பக்கத்தில் என்னென்ன இருக்கிறது, எதற்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

பழையமோடம்:
கரிசல்காட்டான் தம்பி சொன்னது சரிதான், ஆனால் உங்கள் ஆபீஸ் தம்பியின் "வெறும் ஆட்வேர்" என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். இந்தச் சண்டை இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 2003இல் கேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம், தன் மென்பொருளை ஸ்பைவேர் என்று எழுதிய பிசி பிட்ஸ்டாப் தளத்தின் மேல் அவதூறு வழக்கே போட்டது, கடைசியில் சமரசமாகி அந்தப் பக்கங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று கவனித்துத்தான் அது விளம்பரமே காட்டியது. கவனிக்காமல் எப்படிக் காட்ட முடியும்?

சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளின் கதை இன்னும் மோசம். 2014 கடைசியில் விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் பெட்டியைத் திறக்கும்போதே இது உள்ளே இருந்தது. வேலை ஒன்றே ஒன்றுதான், நீங்கள் பார்க்கும் பொருளைப் போலவே வேறு பொருள்களின் விளம்பரத்தைப் பக்கத்தில் செருகுவது. பூட்டுக்குறி போட்ட எச்டிடிபிஎஸ் பக்கத்தில் செருக வேண்டுமானால் பூட்டைத் திறந்தாக வேண்டுமே, அதற்காகத் தன்னுடைய சொந்த ரூட் சான்றிதழை (எந்தத் தளம் உண்மையானது என்று கணினி நம்புவதற்கு அடிப்படையானது) விண்டோஸுக்குள் வைத்துக்கொண்டு உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. பேங்க் பக்கம் திறந்தாலும் பூட்டு வழக்கம்போலத்தான் தெரியும், ஆனால் சான்றிதழைத் திறந்து பார்த்தால் வழங்கியவர் என்ற இடத்தில் சூப்பர்ஃபிஷ் என்று இருக்கும். அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி, அதன் பாஸ்வேர்டு கொமோடியா, அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரேதான். 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்தப் பாஸ்வேர்டைச் சீக்கிரமே உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு பொது வைஃபையில் அதே சாவியை வைத்திருக்கும் எவனும் உங்கள் பேங்காக நடிக்கலாம். செய்தவர்கள் நினைத்தது விளம்பரம் மட்டும்தான். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், எதைப் படிக்க அதற்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள்.

மல்லிகைப்பந்தல்:
பார்த்தேன். நோட்டிஃபிகேஷனில் தெரியாத தளங்கள் நான்கு, நீக்கியதும் மூலை விளம்பரம் நின்றுவிட்டது. ஆனால் நான் போடாத ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதியாம். அதில் நீக்கு பட்டனே இல்லை. மேலே "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று போட்டிருக்கிறது. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனம்?

கரிசல்காட்டான்:
எந்த நிறுவனமும் இல்லை அக்கா. கம்பெனிக் கணினிகளில் நிர்வாகி எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்றுவதற்கு ஒரு பாலிசி வசதி உண்டு, அந்த இன்ஸ்டாலர் அதே வசதியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எழுதிவைத்திருக்கிறது. இந்த அனுமதியோடு இருப்பது நீங்கள் திறக்கும் எந்தப் பக்கத்தையும் படிக்கலாம், பேங்க் பக்கம் உட்பட. பழையமோடம் அண்ணன் சொன்னதுதான், இது பாதி உளவு.

முதலில் அந்த பிடிஎஃப் மென்பொருளையும் அதே தேதியில் ஏறிய மற்றவற்றையும் நீக்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள், கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி ஓடும், ஏறக்குறைய 15 நிமிடம். முடிந்ததும் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். ஆட்வேர் அல்லது பியுஏ (வேண்டாத மென்பொருள்) என்று தொடங்கினால் நீக்கினால் போதும். ட்ரோஜன்ஸ்பை (உளவு பார்ப்பது) அல்லது பிடபிள்யுஎஸ் (பாஸ்வேர்டு திருடுவது) என்று தொடங்கினால் கடைக்காரர் சொன்னதே சரி, ஃபார்மட் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் எதைத் தொட வேண்டும் என்று தனி மெசேஜில் படத்தோடு அனுப்புகிறேன், நீங்களாகத் தொட வேண்டாம்.

பாஸ்வேர்டை எப்படியும் மாற்றுங்கள், ஆனால் இந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள். முதலில் மெயில், அப்புறம் பேங்க். மெயிலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள், குக்கீ (நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளம் பிரவுசரில் வைக்கும் அடையாளம்) களவு போயிருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள். கணக்கில் தெரியாத பரிவர்த்தனை ஏதாவது கண்ணில் பட்டால் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
ஸ்கேன் முடிந்தது. பியுஏ இரண்டு, ஆட்வேர் ஒன்று, ட்ரோஜன்ஸ்பை எதுவும் இல்லை. மெயில், என் பேங்க், அப்பாவின் பென்ஷன் கணக்கு மூன்றுக்கும் போனிலேயே பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், மூன்று மாத ஸ்டேட்மெண்டையும் அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம், எதுவும் போகவில்லை. கரிசல்காட்டான் தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்து ரெஜிஸ்ட்ரியிலும் நீக்கிவிட்டேன். இப்போது எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் நீக்கு பட்டன் வந்திருக்கிறது, அழுத்திவிட்டேன். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.