28 இஞ்சு தூங்குமூஞ்சித் தடி: செயின்சாவில் பலகை அறுக்க செட்டிங் எப்படி?

இழைப்புளி:
தடி 8 அடி நீளம், அகலமான இடத்துல 28 இஞ்சு. இரண்டரை இஞ்சு கனத்துல பலகை எடுக்கணும். ஸ்டில் எம்எஸ் 661 செயின்சா, 36 இஞ்சு பார் (செயின் சுத்தி ஓடுற தகடு), அலாஸ்கன் மில் (செயின்சாவை மாட்டிப் பலகை அறுக்கிற சட்டம்) இருக்கு. கடைச் செயின்ல அரை அடி போறதுக்குள்ள புகையுது, பலகை முகமும் வரி வரியா வருது. கோளாறு செயினா, ஆயிலா, கார்புரேட்டரா?

ரம்பத்தூள்:
முதல் சந்தேகம் செயின் மேலதான். கடைச் செயின் குறுக்கே வெட்ட 30 டிகிரியில தீட்டினது. நீங்க அறுக்கிறது நாரோட்டத்துல, அதுக்கு 10 டிகிரி வேணும். ரிப்பிங் செயின் கிடைக்கலைன்னா இருக்கிறதையே 5.2 மி.மீ. உருட்டு அரத்தால நாலஞ்சு தடவை தீட்டும்போது கொஞ்சம் கொஞ்சமா 10-க்குக் கொண்டு வரலாம். ரேக்கர், அதாவது பல் எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு கட்டுப்படுத்துற முன்மேடு, பல் நுனிக்குக் கீழே 0.65 மி.மீ. இருந்தா போதும், ரொம்ப இறக்கினா கடிச்சுக்கிட்டு நிக்கும். இரண்டு பக்கப் பல்லும் ஒரே நீளம் இருக்கணும். இல்லைன்னா பார் ஒரு பக்கமா இழுத்து, பலகையோட கனம் மாறிடும்.

வரி விழுறது கையால. மில்லை ஆட்டி ஆட்டித் தள்ளாதீங்க. தொடங்குற முனையை ஒரு சாண் தூக்கி வச்சா மில் தன் கனத்துலயே இறங்கி வரும். பின்னாடி ஆப்பு அடிச்சுக்கிட்டே போங்க, இல்லைன்னா பலகை உக்காந்து செயினைப் பிடிக்கும்.

வைரக்கட்டை:
ஆயிலையும் விடாதீங்க அண்ணே. இவ்வளவு அகலத்துக்கு மெஷின் பம்பு மட்டும் பத்தாது. பாரோட மூக்கு (நுனி) பக்கம் ஒரு டப்பா, குழாய், சின்ன வால்வு வச்சு சொட்டுச் சொட்டா விடுங்க. மில்லோட மூக்குக் கவ்வியை பார் நுனியில இருக்கிற சக்கரத்து மேல இறுக்கினா பேரிங் போயிடும், சக்கரத்துக்குப் பின்னாடி தள்ளிப் பிடிங்க.

பல நிமிஷம் முழு ஆக்ஸிலேட்டர்ல ஓடுற வேலை இது. கார்புரேட்டர்ல எச் திருகு (முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாத்துறது) இருக்கிற மாடல்னா கொஞ்சம் திறந்து, டாக்கோமீட்டர்ல பார்த்து உச்ச வேகத்துல நிமிஷத்துக்கு 500 சுற்று வரை குறைச்சு வைங்க. எம்-ட்ரானிக் (எலக்ட்ரானிக் கார்புரேட்டர் கட்டுப்பாடு) மாடல்னா திருகே இருக்காது, தானே சரி பண்ணிக்கும். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 20 மி.லி. நல்ல டூஸ்ட்ரோக் ஆயில். வெட்டு முடிஞ்ச உடனே அணைக்காம அரை நிமிஷம் ஐடில்ல விடுங்க.

இழைப்புளி:
சரிங்க. முதல் வெட்டுக்கு மில் நேரா ஓட வழிகாட்டியா வைக்கிற ஏணியை நேரா தடி மேலயே திருகிடலாமா?

ரம்பத்தூள்:
வேண்டாம், மேல் முகம் கோணலாத்தானே இருக்கும். தடியோட இரண்டு முனையிலும் ஒவ்வொரு கட்டையை அடிச்சு, ரசமட்டம் வச்சு ஒரே மட்டமாக்கி, அதுமேல ஏணியைத் திருகுங்க. திருகு முனைக்கும் செயினுக்கும் ஒரு இஞ்சாவது இடைவெளி இருக்கணும். அடுத்த வெட்டுல இருந்து ஏணி வேண்டாம், அறுத்த முகமே மட்டம்.

வைரக்கட்டை:
சாலையோர மரம்னா ஆணி இருக்கும், மெட்டல் டிடெக்டர் ஓட்டிடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 நூல் (ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு) தூளாப் போகும். 8 வெட்டுன்னா 3 இஞ்சு மரம், அதாவது ஒரு பலகையே போச்சு. அதையும் கழிச்சுக் கணக்குப் போடுங்க.