முன் கண்ணாடி மங்கினால் மெனுவுக்குள் போக வேண்டுமா? பெரிய திரை வைத்த கார் வாங்கலாமா?

மழைமுகில்:

வணக்கம். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று இருக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன வண்டியில் டேஷ்போர்டு முழுக்க ஒரே திரை. ஏசி, காற்று வரும் திசை, சீட் சூடு, முகப்பு விளக்கின் உயரம் எல்லாம் அதற்குள்ளேதான். பட்டன் என்று சொல்ல ஜன்னலுக்கும் ஹசார்டு என்கிற அபாய விளக்குக்கும் மட்டும்தான் இருக்கிறது.

டெஸ்ட் டிரைவ் போனபோது நல்ல மழை. பாதி வழியில் முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கிவிட்டது. என் பழைய வண்டியில் இதற்கு யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போய் ஓரத்துத் திருகைத் திருப்பிவிடும். இதில் முதலில் திரையின் அடியில் இருக்கும் மின்விசிறிப் படத்தைத் தொட வேண்டும். அப்புறம் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் படங்கள், ஒன்று முன்பக்கத்துக்கு, ஒன்று பின்பக்கத்துக்கு. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனையாளர் கை நீட்டி அழுத்திவிட்டு, "பழகிட்டா சுலபம் மேடம்" என்றார். அவர் தினமும் என்னோடு வரப்போவதில்லையே!

நான் வேலைக்குப் போய்வருவது நெடுஞ்சாலையில், பெரும்பாலும் இருட்டில், தனியாக. இது பழகினால் சரியாகிவிடும் விஷயமா, இல்லை நிஜமாகவே ஆபத்தா? "நாள் முழுக்கப் போனைத் தடவுகிறவளுக்கு இது ஒரு கஷ்டமா" என்கிறார் என் கணவர். பதில் சொல்லத் தெரியவில்லை.

திரைப்பிரியன்:

பயப்படாமல் வாங்குங்கள். நான் இப்படிப்பட்ட வண்டிதான் வைத்திருக்கிறேன். வரைபடம் பெரிதாகத் தெரிகிறது, பின்பக்கக் கேமரா அருமை, புது வசதிகள் அப்டேட்டில் தானாக வருகின்றன. ஏசியை ஆட்டோவில் போட்டுவிட்டால் தொடவே வேண்டியதில்லை. மற்றதற்கு வாயால் சொன்னால் போதும். பட்டன் கட்சிக்காரர்கள் கொஞ்சம் பழமைவாதிகள், அவ்வளவுதான்.

சுவிட்ச்காரன்:

கார் உள்பாகங்களுக்கு சுவிட்சும் லீவரும் வடிவமைக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். எனக்கு ஒருபக்கச் சாய்வு நிச்சயம் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் கணவருக்குப் பதில். போனைத் தடவும்போது கண்ணும் போன் மேலேயே இருக்கிறது, அதனால்தான் கஷ்டம் தெரிவதில்லை. ஓட்டும்போது கண் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கித்தான் திரையைப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. எங்கே தொடுவது என்று தேட ஒரு பார்வை, விரல் சரியாகப் போகிறதா என்று ஒரு பார்வை, வேலை நடந்ததா என்று உறுதி செய்ய இன்னொன்று. திருகில் இந்த மூன்றையும் விரலே செய்துவிடும். விளிம்பு தட்டுப்படும், ஒவ்வொரு படிக்கும் 'டக்' என்று ஒரு தடங்கல் வரும், எத்தனை டக் என்று கைக்கே தெரியும். அந்தத் தடங்கல் எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும், குண்டும் குழியுமான சாலையில் கை ஆடினாலும் தப்பாகத் திரும்பாமல் இருக்குமா என்று பார்க்க நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஹசார்ட் பட்டனைச் சுற்றி ஒரு சின்ன வரம்பு இருக்கிறதே, அதுகூடச் சும்மா வைத்ததில்லை.

இந்த அறிவு கார்க்காரர்களுடையதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில், தரையிறங்கிய பிறகு இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பை (ஃபிளாப்) ஏற்றுவதற்குப் பதில் விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் சக்கர சுவிட்சின் தலையில் சின்னச் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கர லீவரின் நுனி சக்கரம் மாதிரிதான் இருக்கும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு கண்ணாடிப் படங்களைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

"பழகிட்டா சுலபம்" என்பதற்கு வருகிறேன். ஸ்வீடனின் 'வி பீலேகாரே' என்ற கார் பத்திரிகை 2022ல் ஒரு சோதனை நடத்தியது. 11 புது வண்டிகள், கூடவே 2005ஆம் ஆண்டு வால்வோ வி70 ஒன்று. பழக நேரம் கொடுத்த பிறகுதான் சோதனை. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி சீட் சூடு, கண்ணாடி மங்கல் நீக்கி, ரேடியோ, டிரிப் மீட்டர் என்று சில வேலைகளைச் செய்ய வேண்டும். பழைய வால்வோவில் எல்லாம் 10 வினாடியில் முடிந்தது, அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த 'எம்ஜி மார்வெல் ஆர்' என்ற வண்டியில் 44.9 வினாடி, 1372 மீட்டர்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: திரை வைத்த எல்லா வண்டியும் அந்தச் சோதனையில் மோசமில்லை. வால்வோ சி40யில் பெரிய திரைதான், 13.7 வினாடியில் முடித்துவிட்டது. அதாவது திரை இருப்பதே குற்றமில்லை. எதை அதற்குள் தள்ளினார்கள், எவ்வளவு ஆழத்தில் புதைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வரைபடம், பாட்டுப் பட்டியல், இருக்கை நினைவகம் எல்லாம் திரையில் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஓடும்போது, அவசரமாக, இருட்டில் தேவைப்படுவது வெளியே இருக்க வேண்டும்.

திரைப்பிரியன்:

2022 சோதனையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்? மென்பொருள் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வாயால் சொல்லும் வசதியைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. அப்படி ஆபத்து என்றால் கம்பெனிகள் ஏன் வைக்கின்றன?

சுவிட்ச்காரன்:

நியாயமான கேள்விகள்தான்.

வாயால் சொல்வது தொடுவதைவிட மேல், ஆனால் இலவசமில்லை. பிரிட்டனில் டிஆர்எல் ஆய்வு நிறுவனம் 2020ல் சிமுலேட்டரில் பார்த்தது. போனின் வசதிகளைக் கார்த் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளேயைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை நேரம் 57 சதவீதம் கூடியது, அதே மாதிரியான ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53. குரலில் 36, 30. ஒப்பிட்டுப் பார்க்க, சட்ட வரம்பு அளவுக்குக் குடித்தவர்களுக்கு அது 12 சதவீதம்தான். கண் சாலையில் இருந்தாலும் கவனம் அந்தக் குரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டில் குழந்தை அழும்போது "முன் கண்ணாடி மங்கல் நீக்கு" என்று மூன்று தடவை கத்திப் பாருங்கள், தெரியும்.

கம்பெனிகள் ஏன் வைக்கின்றன? உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், பாதி காரணம் காசு. ஒரு பட்டன் என்றால் அச்சு செய்ய வேண்டும், ஒயர் இழுக்க வேண்டும், வெயிலிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கான தடவை அழுத்திச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். எப்படியும் ஒரு திரை வைத்தாக வேண்டும், வைத்த திரையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டால் பட்டன் செலவு மிச்சம். மீதிக் காரணம் ஷோரூமில் பார்க்க அழகாக இருப்பது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் திரைதானே எப்போதும் ஜெயிக்கும்!

இப்போது அவர்களே பின்வாங்குகிறார்கள். ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், ஒலி, வெப்பம், மின்விசிறி, ஹசார்ட் ஆகியவற்றுக்கு இனி எல்லா மாடலிலும் நிஜ பட்டன்தான் என்று 2025ல் வெளிப்படையாகவே சொன்னார். புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட், வைப்பர், ஹார்ன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முழு நட்சத்திரம் கிடைப்பது கஷ்டம் என்று 2024லேயே அறிவித்தது. மழைமுகில், அந்த ஐந்தில் கண்ணாடி மங்கல் நீக்கி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கினாலும் உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கலாம்.

சட்டமும் உங்களுக்குத் துணை வராது. ஜெர்மனியில் ஒருவர் கொட்டும் மழையில் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய், சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். வைப்பர் அங்கேதான் இருக்கிறது, வேறு எங்கே தொடுவது என்று நீங்கள் கேட்கலாம். கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் 2020ல் அதைக் கேட்கவில்லை. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை.

பட்டறை அண்ணன்:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கார் எலக்ட்ரீஷியன், திரை செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். 2021ல் டெஸ்லா பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் ஏறத்தாழ 1,35,000ஐத் திரும்ப அழைத்தது. திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப், எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. திரை போனதும் பின்பக்கக் கேமராவும் போச்சு, கண்ணாடி மங்கல் நீக்கியும் போச்சு. திருகு உடைந்தால் ஒரு திருகுதான் போகும். அந்த அம்மா கேட்கிற விஷயமே அந்த மங்கல் நீக்கிதானே.

மழைமுகில்:

மிக்க நன்றி. கணவரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்த ஜெர்மனி வழக்கு வந்ததும் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். ஆனாலும் வண்டி அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, எனக்கும் மற்றபடி குறையில்லை. மறுபடி போய்ப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்வீர்களா? இன்னொன்று, ஸ்டீயரிங்கில் தொட்டால் அதிர்கிற மாதிரி வழவழப்பான பட்டன்கள் இருக்கின்றன. அவை பட்டன் கணக்கில் வருமா, திரைக் கணக்கிலா?

சுவிட்ச்காரன்:

வண்டியை நிறுத்தி வைத்து, உங்கள் ஓட்டும் நிலைக்கு சீட்டைச் சரிசெய்துகொண்டு, பார்வையைத் தூரத்தில் ஏதாவது ஒரு பொருளில் நிறுத்துங்கள். கணவர் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்: முன் கண்ணாடி மங்கல், வைப்பர் வேகம், ஹெட்லைட், ஒலியை அணை, ஒரு டிகிரி ஏற்று. கண்ணைத் திருப்பாமல் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பாருங்கள். முடியாதவற்றுக்குக் கண்ணை எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்று அவர் எண்ணட்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013ல் கொடுத்த வழிகாட்டுதல், ஒரு பார்வை 2 வினாடிக்குள், ஒரு வேலை முழுதும் சேர்த்து 12 வினாடிக்குள் என்பது. என்னைக் கேட்டால் அந்த 12 ரொம்பவே தாராளம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 வினாடி என்றாலே 55 மீட்டர்.

இதையே இருட்டிய பிறகு ஒரு தடவை செய்யுங்கள். சில வண்டிகளில் தொடும் பட்டைகளுக்கு உள்விளக்கே கிடையாது. மழை நாளில் ஈரக் கையோடும் தொட்டுப் பாருங்கள். திரையின் அடியில் எப்போதும் மாறாமல் நிற்கும் பட்டை ஒன்று இருந்தால், அதில் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முன் கண்ணாடிப் படத்தை அங்கே கொண்டுவர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்டேட் வந்தால் அது இடம் மாறுமா என்றும் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரிந்திருக்காது, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வழவழப் பட்டன் விஷயம்: விரலை அதன் மேல் வைத்துவிட்டு அழுத்தாமல் சும்மா இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பட்டன். வைத்ததுமே வேலை செய்துவிட்டால் அது திரைதான், அதிர்ந்தாலும் சரி. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளங்கை பட்டு எதுவும் இயங்குகிறதா என்றும் ஷோரூம் வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்த மாடலிலேயே கீழ் வேரியன்ட் இருந்தால் அதையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். விலை குறைந்த வேரியன்டில் ஏசிக்குத் திருகை விட்டுவைத்திருப்பது உண்டு.