சுங்கை சிப்புட்டில் குடியேறலாமா?

வணக்கம். மலேசியாவில், கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நாங்கள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்குக் குடிபெயர எண்ணுகிறோம். மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளிதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மகாத்மா காந்தி கலாசாலை அங்கே இருப்பதுதான் இந்த ஊரை நினைக்க வைத்தது.

கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு. ஊருக்குள்ளேயே இடம் கிடைக்குமா, ஈப்போவுக்கு அலைய வேண்டுமா? தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட மண் வேண்டும் என்கிறார். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

கோயிலுக்கு நடந்தே போகக்கூடிய தாமான் (குடியிருப்புப் பகுதி) எது? தரை வீட்டு வாடகை எவ்வளவு? அங்கே வாழும் அண்ணன்மார்கள், அக்காமார்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், இணைய வேகம் பற்றியும் எழுதுங்கள்.