மறைந்துபோன மேனர் புறாமாடம்: நின்ற இடத்தைக் கண்டறிய வழி உண்டா?

ராயபுரம் வாசகர்:
அன்பர்களுக்கு வணக்கம். மொட்டைமாடியில் ஹோமர் புறாவும் கர்ணப்புறாவும் வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால், இங்கிலாந்தில் மேனர் எனப்படும் நிலப்பிரபுப் பண்ணைகளில் இருந்த கல் புறாமாடங்களைப் பற்றி ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஹியர்ஃபோர்ட்ஷயரின் கார்வே என்னும் ஊரில் 1326இல் கட்டப்பட்ட வட்டமான மாடம், 666 பொந்துகளோடு இன்றும் நிற்கிறது. ஆனால், பழைய ஆவணத்தில் புறாமாடம் குறிக்கப்பட்டிருந்தும் தரையில் ஒரு கல்கூட எஞ்சாத மேனர்கள் பல. அவ்வளவு கனமான சுவர் எப்படி அடையாளமின்றிப் போனது? அது நின்ற இடத்தை இனிக் கண்டறிய முடியுமா?

பழைய வண்ணாரப்பேட்டை அன்பர்:
அந்தக் கனமே அதற்கு வினையாயிற்று, ஐயா. புறாமாடம் வைத்துக்கொள்வது நெடுங்காலம் நிலப்பிரபுவின் தனியுரிமையாக இருந்தது. அவருடைய புறாக்கள் குடியானவர்களின் விதைப்பையும் கதிரையும் மேய்ந்தாலும், அவர்கள் அவற்றின்மேல் கைவைக்க முடியாது. கட்டடத்தின் அழகைப் பேசும்போது அந்தக் கொடுமையை நாம் மறந்துவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் டர்னிப் போன்ற குளிர்காலத் தீவனங்கள் பரவி, ஆடுமாடுகளை ஆண்டு முழுதும் பேண முடிந்தபோது, புறாக்குஞ்சு இறைச்சியின் தேவை குறைந்தது. தானிய விலை ஏறியதும், புறா தின்னும் கதிர் பெரிய இழப்பாகத் தெரிந்தது. பயனற்று நின்ற மாடத்தைப் பிரித்து, களஞ்சியத்துக்கும் தொழுவத்துக்கும் மதிலுக்கும் கல் எடுத்துக்கொண்டார்கள்.

காசிமேடு அன்பர்:
தேடுபவர் புறாவின் பழக்கத்திலிருந்து தொடங்கலாம். வல்லூறு பதுங்கும் பெருமரங்களை விட்டு விலகி, மேனர் வீட்டின் கண்பார்வையில், திறந்த வெளியில் மாடம் கட்டுவது வழக்கம். உட்சுவரில் உள்ள ஒவ்வொரு பொந்தின் வாயும் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும். பல மாடங்களில் பொந்து உள்ளே பக்கவாட்டில் திரும்பிவிடுவதால், தாய்ப்புறா இருட்டில் நிம்மதியாக அடைகாக்கும். நடுவில் சுழலும் தூணில் ஏணியைப் பொருத்தி, ஒரே ஆள் சுற்றிவந்து, பறக்கத் தொடங்காத நான்கு வாரக் குஞ்சுகளை எடுத்துவிடுவார். சாமர்செட்டின் டன்ஸ்டரில் அந்த ஏணியை இன்றும் காணலாம். எச்சத்தை எருவாக அள்ளினாலும், நெடுங்காலம் தரையில் ஊறியது பாஸ்பேட்டாக மண்ணில் தங்கும். மண் பரிசோதனையில் அது தென்பட வாய்ப்புண்டு.

பெரம்பூர் அன்பர்:
மண்ணைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாகம் பற்றிய 1836ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, பெரும்பாலான ஊர்களுக்கு வரையப்பட்ட வரைபடங்களோடு உள்ள பட்டியல்களில், பெரும்பாலும் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு; கட்டடம் போன பின்னும் 'புறாவீட்டு வயல்' என்ற பெயர் நிலைத்திருக்கும். நம் வால்டாக்ஸ் (மதில் வரி) சாலையிலும் அப்படித்தானே, கறுப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதில் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் இருக்கிறது. அடுத்து, வறண்ட கோடையில் எடுத்த வான்படங்களைத் தேடுங்கள்; புதைந்த அடித்தளத்தின் மேல் பயிர் முதலில் வாடுவதால், வட்டமான சுவர் மஞ்சள் வளையமாகத் தெரியும். ஆனால் காற்றாலையும் சுண்ணாம்புக் காளவாயும்கூட வட்டத் தடயத்தையே விடும். ஆகவே, அருகிலுள்ள பழைய களஞ்சியச் சுவர்களையும் நிதானமாகப் பாருங்கள். பொந்துக்காகக் குடைந்த கல் ஒன்று அங்கே கிடைத்தால், வளையத்துக்கு அதுவே வலுவான சான்றாகும்.