ரோகு மீன்களுக்குச் சிவப்புப் புண்: பூண்டு கலந்த தீவனம் பலன் தரவில்லை, உதவுங்கள்

கரைமேடு:
வணக்கம். குளத்தில் கட்லாவும் ரோகுவும் இருக்கின்றன. சில ரோகுகளுக்கு வயிற்றுப் பக்கம் சிவப்புத் திட்டு, துடுப்பு ஓரம் கிழிந்திருக்கிறது. ஒன்றிரண்டுக்கு வயிறு உப்பிச் செதில் தூக்கி நிற்கிறது. தினமும் சில செத்து மிதக்கின்றன. ஆன்டிபயாட்டிக் போட மனமில்லை. பூண்டைக் கொதிக்க வைத்து, வடிகட்டிய நீரைத் தீவனத்தில் தெளித்துப் போடுகிறேன். தீவனம் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. வேப்பிலையை மூட்டையாகக் கட்டிக் குளத்தில் இறக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செவுள்:
வேப்பிலை வேண்டாம். இலை அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அளவு மீறினால் வேப்பஞ்சாறு மீனுக்கே நஞ்சு. கட்லாவுக்கு உணவாகும் நுண்ணுயிர் மிதவைகளும் அடிவாங்கும்.

நீங்கள் சொல்வது ஏரோமோனாஸ் பாக்டீரியா தொற்று மாதிரி இருக்கிறது. அது பெரும்பாலான குளத்து நீரில் எப்போதும் இருப்பதுதான், மீன் தளர்ந்தால் கை ஓங்கும். எதனால் தளர்ந்தது என்று பாருங்கள். கரைந்த ஆக்ஸிஜனை விடியும் முன் அளக்க வேண்டும், அப்போதுதான் அது மிகக் குறைவு. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), அமோனியா இரண்டையும் பிற்பகலில் அளந்து சொல்லுங்கள்.

தூண்டில்:
மீன் பேனையும் பார்த்துவிடுங்கள். தட்டையாக, வட்டமாகத் தோலில் ஒட்டியிருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும். அது கடித்த இடத்தில்தான் பல நேரம் புண் வைக்கும்.

பச்சைமூலி:
பூண்டைக் கொதிக்க வைப்பதில்தான் சிக்கல். அதன் காரத்துக்குக் காரணமான அல்லிசின் முழுப் பூண்டில் இருக்காது. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூட்டில் அந்த நொதி கெட்டுவிடும். பச்சையாக நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் கலக்குங்கள். கிலோ தீவனத்துக்கு 10 கிராம் போதும். மேலே கொஞ்சம் தாவர எண்ணெய் பூசி நிழலில் உலர்த்துங்கள், இல்லையென்றால் எல்லாம் தண்ணீரிலேயே கரைந்துபோகும். மஞ்சள் சேர்ப்பதென்றாலும் எண்ணெயில் குழைத்துத்தான். மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, வெயிலும் அதற்கு ஆகாது.

ஆனால் ஒன்று: தின்னாத மீனுக்குத் தீவன மருந்து போய்ச் சேராது. கொய்யா இலைச் சாறு ஆய்வகத் தட்டில் ஏரோமோனாஸைத் தடுக்கிறது என்பது உண்மைதான். அதை வைத்து, செதில் தூக்கிய மீன் பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மூலிகை இன்னும் நன்றாகத் தின்னும் மீன்களுக்குத்தான்.

கரைமேடு:
பேன் இல்லை. விடியும் முன் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம். பிற்பகல் பிஎச் 9, அமோனியாவும் இருக்கிறது. சுண்ணாம்பு போடட்டுமா?

செவுள்:
ஐயோ, வேண்டாம்! சுண்ணாம்பு பிஎச்சை இன்னும் ஏற்றும். பிஎச் ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் கூடும். 2 என்பது மிகக் குறைவு, 5க்கு மேல் இருந்தால்தான் மீன் நிம்மதியாக இருக்கும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரவு முழுக்க ஓடட்டும். தீவனத்தை இன்றே நிறுத்துங்கள், மிஞ்சுவதுதான் அழுகி அமோனியாவாகிறது. நல்ல தண்ணீர் கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். செத்ததை உடனே எடுத்துப் புதையுங்கள். சாவு குறையாவிட்டால் உயிரோடு இருக்கும் நோய் மீனை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து மிதந்ததில் எல்லாக் கிருமியும் வளர்ந்துவிடும், எது காரணம் என்றே தெரியாது.

கரைமேடு:
ஏரேட்டர் போட்டதிலிருந்து சாவு குறைந்திருக்கிறது, மேலே வந்து வாய் பிளப்பதும் நின்றுவிட்டது. கொஞ்சமாகத் தீவனம் போட்டேன், தின்கின்றன. நீங்கள் சொன்ன மாதிரி பூண்டு கலக்கப் போகிறேன். அறுவடை வரை தொடரலாமா?

பச்சைமூலி:
தொடர்ந்து வேண்டாம். இரண்டு வாரம் கொடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள். அப்புறம் வலை இழுக்கப் போகும்போதோ, குளிர் தொடங்கும் முன்போ மறுபடி ஆரம்பிக்கலாம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். ஈரத் தீவனத்தைச் சேர்த்துவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.