மூச்சோடு சேர்த்து ஜெபிக்கலாமா?

பெரோயா வாசகன்
எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு புதுப் பழக்கம். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, மூச்சை இழுக்கும்போது "ஆண்டவராகிய இயேசுவே", விடும்போது "என்மேல் இரங்கும்" என்று அரைமணி நேரம் சொல்கிறார்கள். யோகாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி இருக்கிறது. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7 சொல்கிறது. முதலாம் சங்கீதக்காரன் இரவும் பகலும் தியானித்தது வேதத்தை. தன் மூச்சை அல்ல.

காவிரிக்கரை
பிரதர், இந்தச் செபம் யோகா வகுப்பிலிருந்து வரவில்லை. கிரேக்க நாட்டு ஆதோஸ் மலையின் கிறிஸ்தவத் துறவிகள் 14-ஆம் நூற்றாண்டிலேயே தலையைக் குனிந்து, மூச்சை நிதானப்படுத்தி இதைச் சொன்னார்கள். பர்லாம் என்ற அறிஞர் "தொப்புளில் ஆன்மாவைத் தேடுகிறவர்கள்" என்று அவர்களைக் கேலி செய்தார். அந்தத் துறவிகளில் ஒருவரான கிரகோரி பலாமாஸ் பவுலைக் காட்டியே பதில் சொன்னார்: உடல் தூய ஆவியின் ஆலயம் என்றால், மனதை அதற்குள் கூட்டிச் சேர்ப்பதில் என்ன தப்பு? 1341-லும் 1351-லும் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கங்கள் பலாமாஸ் பக்கம் நின்றன. மேற்கே இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" சொல்லக் கற்றுக்கொடுத்தார்.

திரும்பத் திரும்பச் சொல்வது குற்றமா? கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தானே சொன்னார்?

பெரோயா வாசகன்
அது வியாகுலத்தில் வந்த வார்த்தை, கடிகாரம் பார்த்துச் சொன்னதல்ல. சங்கத் தீர்மானம் எனக்கு வேதம் இல்லை. இந்தப் பாதை எங்கே போகும் என்பதற்குக் குளித்தலை பக்கமே சாட்சி இருக்கிறது. தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய பிரெஞ்சு குருக்கள் இருவரில் ஒருவர் அபிஷிக்தானந்தர். அருணாசலக் குகைகளில் தியானம் செய்தார்; அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் நடுவில் வருடக்கணக்காகத் தவித்தார்; 1968-ல் ஆசிரமத்தைவிட்டு இமயமலைக்கே போய்விட்டார்.

காவிரிக்கரை
போனார், சரி. ஆனால் குருத்துவத்தை விடவில்லையே. ஒருவரின் தவிப்பை வைத்துச் செபத்தையே தள்ளிவிட முடியாது.

மார்த்தா
இரண்டு பேரிடமும் கேட்கிறேன். நான் பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவள். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், முழங்காலில் நின்று கண்ணீர், கையை உயர்த்தித் துதி, கைதட்டு. இதெல்லாம் சரீரம் இல்லாமல் நடக்கிறதா? ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால் மட்டும் ஏன் சந்தேகம் வருகிறது?

காவிரிக்கரை அண்ணன் தன் கத்தோலிக்க சபையின் கடிதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1989-ல் கர்தினால் ராட்சிங்கர் (பிற்பாடு போப் ஆனவர்) கையெழுத்திட்டு, கிறிஸ்தவ தியானம் பற்றி ஆயர்களுக்கு வந்ததே, அதுதான். மூச்சோடு சொல்லும் இயேசு ஜெபம் பலருக்கு உதவும் என்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கை: சில உடற்பயிற்சிகள் தானாகவே அமைதியையும் இதமான உணர்வையும், சில சமயம் ஒளி, வெப்பம் போன்ற அனுபவத்தையும் தரும், அதை ஆவியானவர் தரும் ஆறுதல் என்று எண்ணிக்கொள்வது முழுத் தவறு.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எச்சரிக்கை உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமா? சாப்பிடாத வயிறு, தூங்காத கண், விடாத டிரம்ஸ், கீபோர்டு: விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பு சிலிர்க்காமல் என்ன செய்யும்? அதை ஆவியானவரின் அபிஷேகம் என்று மேடையிலேயே அறிவித்துவிடுகிறோம். மூச்சு ஜெபக்காரராவது சத்தமில்லாமல் ஏமாறுகிறார்.

ஓய்வுபெற்ற உபதேசியார்
என் வயதில் முழங்காலும் கிடையாது, சம்மணமும் கிடையாது. ஒரு நாற்காலி போடுங்கள், அப்புறம் சண்டை போடுங்கள்.

பெரோயா வாசகன்
சிஸ்டர், எங்கள் ஆராதனையில் பாட்டு முடிந்ததும் ஒரு மணி நேரம் வசனம் வருகிறது. உணர்ச்சியை உரசிப் பார்க்க அது இருக்கிறது. இந்தப் பையன்கள் அரைமணி முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், பைபிள் திறப்பதே இல்லை. திறந்தாலும் மூச்சு விஷயத்தை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

மார்த்தா
ஒத்துக்கொள்ள வேண்டாம் பிரதர். முதலில் திறக்கச் சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதுங்கள்.