பாலக்கோடு பக்கம் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபரா, 5ஜி ஏர்ஃபைபரா?

வணக்கம். பாலக்கோட்டில் இருந்து மாரண்டஹள்ளி போகும் சாலையில், ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்தில் வீடு. சுற்றிலும் தென்னை. வீட்டிலிருந்தே மருத்துவ பில்லிங் வேலை, இரவு ஷிஃப்ட். சித்திரையில் இருந்து இணையம் படுத்துகிறது.

இப்போது இருப்பது கேட்-6 (4ஜி வேக வகுப்பு) வகை 4ஜி சிம் ரவுட்டர். பகலில் 25 எம்பிபிஎஸ் வரை வரும். இரவு 8 மணிக்கு மேல் 2, 3 தான். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் அறுந்து அறுந்து சேர்கிறது. வேறு கம்பெனி சிம் போட்டுப் பார்த்தாச்சு. ரவுட்டரை மாடிக்கு ஏற்றி, வெளி ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்பினேன். ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) -108இல் இருந்து -97க்கு முன்னேறியது, இரவு வேகம் மட்டும் அப்படியே. ஆக, டவரில் நெரிசல் என்றுதான் தோன்றுகிறது.

உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் தருகிறார். கடைசிக் கம்பத்தில் இருந்து 700 மீட்டர் கேபிள் செலவு என் தலையில். வேகத்துக்குக் குறையிருக்காது, ஆனால் எங்காவது ஜேசிபி இழுத்து அறுத்துவிட்டால் ஒட்ட ரெண்டு மூணு நாள் ஆகுமாம். இரவு வேலைக்கு அது சரிவராது.

அப்புறம் 5ஜி ஏர்ஃபைபர், அதாவது வீட்டுக்கு வெளியே ஒரு யூனிட் மாட்டி, கேபிள் இல்லாமல் 5ஜி டவரில் இருந்தே இணையம். மாடியில் போனில் 5ஜி காட்டுகிறது. ஆனால் 5ஜிக்குப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை ஓலையைத் தாண்டும்போது நன்றாகவே பலமிழக்கும், நனைந்த ஓலை என்றால் இன்னும் மோசம். சிஜிநாட் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி முகவரி) இருந்தால் தோட்டத்து கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாது, அது போகட்டும்.

இந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வெளி யூனிட் மாட்டி 5ஜி ஏர்ஃபைபர் ஓட்டுகிறவர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் என்ன வேகம், எவ்வளவு பிங் (பதில் வரும் தாமதம்) வருகிறது?